கழுதை கேட்டவள்

சான் ரோக்கே, மத்தான்சாஸ்
9 ஜனவரி 1839

லெயோகாடியா அக்காவுக்கு,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் மகள் காசில்டா என் வீட்டுப் பரணில் இருக்கிறாள்.

நேற்றுக் காலை சோளம் எடுக்க ஏணியில் ஏறினேன். குவியலுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. கத்த வாயைத் திறந்தேன். "கத்தாதீங்க சித்தி, எலி இல்ல, நான்தான்" என்றாள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். ஆறு மாத வயிறு. ஆலையிலிருந்து ஓடி, கரும்புக் காட்டுக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறாள்.

கூழும் உப்புக்கண்டமும் கொடுத்தேன். தின்றுகொண்டே சொன்னாள். அறுவடை தொடங்கியதும் அவளை ஆலை உருளைக்குக் கரும்பு ஊட்டும் வேலையில் நிறுத்திவிட்டார்கள். முன்பு இரண்டு பிள்ளைகள் கலைந்ததும் அந்த உருளைக்கு முன்னால்தான். இரண்டையும் துணியில் சுற்றியது என் கை. சக்கை காயவைக்கும் களத்துக்கு மாற்றச் சொல்லிக் கங்காணி கார்மோனாவிடம் கேட்டாளாம். "வயிறு உன்னோடதா? துரையோடது. அதை எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும், போடி" என்றானாம்.

"ரெண்டை உருளைக்குக் குடுத்தாச்சு. இதைக் குடுக்கமாட்டேன். உங்க கழுதையை மட்டும் குடுங்க சித்தி. தெக்கே சதுப்புக்காட்டுல நம்ம ஆளுங்க குடிசை போட்டு இருக்காங்களாம். அங்கேயே பிள்ளை பெத்து வளக்கறாங்களாம்."

"வழியில வலி வந்தா என்னடி பண்ணுவ?"

"மரத்தைப் புடிச்சுக்கிட்டுப் பெத்துக்குவேன். இது யாரோட பிள்ளைன்னு மரம் கேக்காது."

என் கோவேறு கழுதை கனேலாவை உனக்குத் தெரியும். அது இல்லாமல் நான் பிரசவங்களுக்குப் போக முடியாது. ஆனால் நான் தயங்குவது அதற்காக அல்ல. பயணத்தில் ரத்தம் போய்ச் செத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஓடியவர்களைப் பிடிக்கும் நாய்க்காரர்கள் இன்று என் தெருவோடு போனார்கள். ஒளித்துவைத்தவள் என்று தெரிந்தால் என்னையும் விடமாட்டார்கள்.

பெற்றவள் நீ. என்ன செய்யட்டும்? சரக்குக் கழுதை ஓட்டும் புருடென்சியோவிடம் பதில் கொடுத்தனுப்பு. அதுவரை அவள் பரணில் இருப்பாள்.

கெர்வாசியா


ஹவானா
14 ஜனவரி 1839

கெர்வாசியா,

கழுதையைக் கொடுக்காதே.

நீயே அவள் கையைப் பிடித்து ஆலைக்குக் கூட்டிப் போ. ஞானத்தாயாக நில். ஓடியவரை மதிப்புள்ள ஒருவர் திரும்பக் கூட்டிவந்து, என் முகத்துக்காக மன்னியுங்கள் என்று கேட்டால் எந்தத் துரையும் அடிப்பதில்லை. அடித்தால் இழிவு அவனுக்குத்தான். இந்தத் தீவில் நம் பக்கம் இருக்கிற வழக்கம் அது ஒன்றுதான். பல்தசார் துரையின் நான்கு பிள்ளைகளையும் எடுத்தவள் நீ. துரைசானி உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். உன் முகத்தை அவர்கள் தள்ளமாட்டார்கள்.

என்னை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பிறகு, காசில்டாவின் விடுதலை விலையிலும் பாதி கட்டிவிட்டேன். ஓடியவள் என்று ஆகிவிட்டால் துரையோடு போட்ட அந்தப் பேச்சு செத்தது. சதுப்பில் தவளையோடு தவளையாகக் கிடப்பதற்கா நான் விரல் தேயத் தைத்தேன்? குழந்தை பிறக்கட்டும். ஞானஸ்நானத் தொட்டியிலேயே அதற்கு விடுதலை வாங்கிவிடலாம். அந்தப் பணம் என் பொறுப்பு.

மரத்தைப் பிடித்துப் பெறுகிறாளாம். அவளிடம் சொல், பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது.

நீ தயங்குவது எனக்குப் புரிகிறது. அடிமையாக இருந்தபோது அம்மா பெற்றது என்னை. விடுதலை வாங்கியபின் பெற்றது உன்னை. ஒரே வயிறு. ஓடுவது உனக்குக் கதைபோலக் கேட்கும். எனக்குக் கேட்பது நாய்ச் சத்தம்.

அவள் என் மகள். நான் சொல்கிறபடி செய்.

லெயோகாடியா


சான் ரோக்கே
23 ஜனவரி 1839

அக்கா,

நீ சொன்னபடி செய்தேன். நல்லபடியாக முடிந்தது.

உன் கடிதத்தைக் காசில்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா எழுத்து அழகா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். "அங்க அவங்ககிட்ட எழுத்துப் படிக்கிற பொண்ணுங்க குடுத்துவைச்சவங்க" என்றாள்.

அவளைக் கனேலா மேல் உட்காரவைத்து நான் கயிற்றைப் பிடித்து நடந்தேன். என் கறுப்புப் பட்டுச் சால்வையைப் போட்டிருந்தேன். ஆலை வாசல் தெரிந்ததும், "சித்தி, கொஞ்சம் மெதுவா நடங்களேன்" என்றாள். நான் வேகமாக நடப்பதே எனக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்திருந்தார் துரை. நான் மண்டியிட்டுக் கேட்டேன். அவர் என்னைத் தோளைப் பிடித்து எழுப்பினார். அத்தனை பேர் முன்னால். "கெர்வாசியா, உன் முகத்துக்காக விட்டேன். ஓடினதுக்கு இவ மேல ஒரு அடி விழாது. இது என் வாக்கு" என்றார். கார்மோனா முகம் சுண்டிப்போயிற்று. துரைசானி என்னைச் சமையலறையில் முக்காலியில் உட்காரவைத்து, அவர்கள் குடிக்கும் பீங்கான் கோப்பையிலேயே காப்பி கொடுத்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கறுப்பிக்குப் பிறந்த கறுப்பி நான். என் ஒரு வார்த்தைக்குச் சாட்டை நின்றது.

காசில்டா திரும்பிப் பார்க்காமல் அடிமைகள் தங்கும் கொட்டடிக்குள் போனாள். அசதியாக இருந்திருக்கும்.

கெர்வாசியா


சான் ரோக்கே
19 பிப்ரவரி 1839

அக்கா,

காசில்டா நலம். போன வாரம் பார்த்தேன். குழந்தை துடிப்பாக இருக்கிறது, தலை கீழே திரும்பிவிட்டது. அவளுக்கு முதுகில் கொஞ்சம் வலி. மூலிகை எண்ணெய் கொடுத்திருக்கிறேன்.

இங்கே மழை இல்லை.

கெர்வாசியா


ஹவானா
6 மார்ச் 1839

கெர்வாசியா,

மழை இல்லையாமே?

ஒரு கழுதை சேற்றில் வழுக்கிய கதையையே இரண்டு பக்கம் எழுதுகிறவள் நீ. என் மகளைப் பற்றி எழுத உனக்கு நாலு வரிதான் கிடைத்ததா? நேற்றுப் புருடென்சியோ வந்தான். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"உக்காரேன்டா."

"இல்லக்கா. காசில்டா ஒண்ணு சொல்லச் சொன்னா. சொல்லிட்டுக் கிளம்பறேன்."

"சொல்லு."

"அப்படியே சொல்லச் சொன்னா. அம்மா அழகா எழுதினாங்க, சித்தி அழகா தோண்டினாங்க. அவ்வளவுதான்."

தோண்டினாயா? எதை? மிச்சத்தை அவன் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. முற்றத்தில் குழி. அதில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்களாம். சாட்டை. பக்கத்தில் பட்டுச் சால்வை போட்ட ஒருத்தி நின்று யோசனை சொன்னாளாம். "யாருடா அது?" என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அது நீ இல்லை என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது.

லெயோகாடியா


சான் ரோக்கே
13 மார்ச் 1839

அக்கா,

அது நான்தான்.

மழை இல்லை என்று உனக்கு எழுதியதற்கு முந்தின வாரம், பிரசவம் என்று ஆள் அனுப்பினார்கள். ஏதோ ஒருத்திக்கு வலி என்று நினைத்துச் சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் அந்த ஆலைக்குப் போகும்போது அதைப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். இரண்டு பேர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காசில்டா நடுவில்.

கார்மோனாவிடம் ஓடினேன். "துரை வாக்குக் குடுத்தாரே! என் முன்னாடி குடுத்தாரே!"

"துரை வாக்கு அப்படியேதான் இருக்கு. ஓடினதுக்கு அடி இல்ல. இது ஓடின நாள்ல செய்யாம விட்ட வேலைக்கு."

"துரை எங்கே?"

"மதியத் தூக்கம். எழுப்பறியா? போ, எழுப்பு."

வராந்தாக் கதவு சாத்தியிருந்தது. நான் போய்த் தட்டவில்லை அக்கா. தட்டியிருக்கலாம். தட்டினால் இனிமேல் அந்த வீட்டில் முக்காலி கிடைக்காது என்று அப்போது நினைத்தேனா? இப்போது யோசித்தால் நினைத்தேன் என்றுதான் தோன்றுகிறது.

கார்மோனா சிரித்தான். "உன்னைக் கூப்பிட்டதே துரைதான். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. குழி போதுமான்னு பாரு."

பார்த்தேன். போதாது. வயிறு இடிக்கும். எனக்கு இருந்தது இரண்டே வழி என்று அந்த நேரம் நம்பினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் குழந்தை சாகும். சொன்னால் பிழைக்கும். "இன்னும் ஆழம் வேணும். அடியில வாழையிலை போடுங்க" என்றேன். ஓரம் கூராக இருந்தது. தோண்டினவன் மழுக்கத் தெரியாமல் விழித்தான். நானே மண்டியிட்டு ஓரத்தைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

காசில்டா என் தலைக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பதமா இருக்கா சித்தி?" என்று கேட்டாள்.

பிறகு நடந்ததை எழுதமாட்டேன். குழந்தை பிழைத்தது. அந்தக் குழியில் குழந்தைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. முடிந்ததும் சமையலறைக்குக் கூப்பிட்டார்கள். பீங்கான் கோப்பையில் காப்பி.

குடித்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கழுதை கேட்டாள். நான் உன்னைக் கேட்டேன். நீ விலையைச் சொன்னாய்.

கெர்வாசியா


ஹவானா
30 மார்ச் 1839

கெர்வாசியா,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்தேன். மறுநாள் துண்டுகளை ஒட்டவைத்துத் திரும்பப் படித்தேன்.

உண்மைதான். நான் அவள் வயிற்றை நினைக்கவில்லை. கட்டிய பாதி விலை வீணாகுமே என்று நினைத்தேன். என் மகளை நானே ஒரு கடைக்காரியைப்போல நினைத்தேன். முன்பணம் கொடுத்த சரக்கு தொலைந்துவிடக் கூடாதே என்று.

அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியாது. என்னிடம் தையலும் எழுத்தும் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் யார்? தையல்காரர் மனைவி, வாத்தியக்காரர் மனைவி, கறுப்பர் படையின் சார்ஜெண்ட் மனைவி. எல்லோரும் நம்மைப்போல் கறுப்பர், கலப்பினர், விடுதலைபெற்றவர். அவர்களுக்குள் ஒரு மூக்கு இருக்கிறது. யார் மேல் இன்னும் கொட்டடி நாற்றம் அடிக்கிறது என்று மோந்துகொண்டே இருப்பார்கள். வந்த புதிதில் ஒருத்தி கேட்டாள், "உங்களுக்குப் பிள்ளைங்க?" "குடுத்துவைக்கல" என்றேன். இத்தனை வருடமாக அந்தப் பதில்தான். அவர்கள் எனக்காக மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள், எனக்குப் பிள்ளை வேண்டும் என்று.

போன வாரம் ஒரு சிறுமி ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "வாத்தியாரம்மா, ஓரம் வழவழன்னு வந்திருக்கா?" என்று கேட்டாள். எழுந்து பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்தேன்.

உன்னை மன்னிக்க நான் யார்? இருவருமாகச் சேர்ந்து அவளைக் கூட்டிப் போனோம். நீ கயிற்றைப் பிடித்தாய், நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

தொட்டியில் கட்டவேண்டிய பணத்தை இத்துடன் அனுப்புகிறேன். குழந்தையாவது யாருடையதும் இல்லாமல் பிறக்கட்டும். வர நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஞானத்தாயாக யார் நிற்பது என்று அவளைக் கேள். நீயாகச் சொல்லாதே.

லெயோகாடியா


சான் ரோக்கே
28 ஏப்ரல் 1839

அக்கா,

பெண் குழந்தை. நன்றாக இருக்கிறது. ஹிலாரியா என்று பெயர் வைத்திருக்கிறாள். ஞானஸ்நானத் தொட்டியில் பணத்தைக் கட்டி, விடுதலைபெற்றவள் என்று பாதிரியார் வாயால் சொல்ல நான் கேட்டேன். குழந்தை விடுதலை, அதற்குப் பால் கொடுக்கிற மார்பு துரையுடையது. இதுதான் நாம் வாங்கியது.

பிரசவத்துக்கு நான் போனேன். காசில்டா கதவுப் பக்கம் பார்த்து, "அந்தக் கை என்மேல படக்கூடாது" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். கொட்டடி நோயாளிகளைப் பார்க்கும் சிமோனாதான் குழந்தையை எடுத்தாள். நான் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ கதவுகளுக்கு உள்ளே இருந்திருக்கிறேன், வெளியே இருந்தது அதுதான் முதல் தடவை. ஞானத்தாயாகவும் சிமோனாதான் நின்றாள். நான் காசில்டாவைக் கேட்டேன், நீ சொன்னபடி. "நீங்க ஒரு தடவை நின்னாச்சே சித்தி" என்றாள்.

கோயில் வாசலில் துரை பக்கத்து ஆலைத் துரைகள் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"நாய்க்காரனுக்கு எதுக்குய்யா காசு அழுவுறீங்க? இதோ, நம்ம கெர்வாசியா. ஓடினவன் தானா இவகிட்ட வருவான். இவளே கையைப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டுடுவா. செலவு ஒரு கோப்பை காப்பி."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. வாய் தானாகச் சிரித்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், ஊர் தூங்கும் நேரம், ஒருவன் கொல்லைப்பக்கமாக வந்தான். இளவயது. கணுக்காலில் இரும்பு விலங்கு தின்ற புண். தியோனிசியோ என்று பெயர்.

"நீங்கதானே கூட்டிட்டுப் போய் விடுற அம்மா?"

"யாரு சொன்னது?"

"எங்க துரையே சொல்றாரும்மா. ஓடுறதுன்னா அந்தம்மாகிட்ட ஓடுங்கடா, மன்னிப்பு வாங்கிக் குடுப்பாங்கன்னு."

அவனை உட்காரவைத்துப் புண்ணைக் கழுவினேன். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சால்வை, குழி, வாழையிலை, காப்பி. உனக்கு எழுதியதைத் தவிர வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அது எனக்குப் பெரிதாக இருந்தது.

"என் முகத்துக்கு விலை ஒரு கோப்பை காப்பி, தம்பி. உன் முதுகுக்கு அது பத்தாது."

"அப்ப நான் எங்கம்மா போறது?"

கனேலாவை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். கூழ்மாவு, உப்புக்கண்டம், எண்ணெய். "தெக்கே போ. இது தண்ணியைக் கண்டா நிக்கும். அடிக்காதே, காதுல தட்டினா போதும்."

"நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

"திருட்டுப் போச்சுன்னு சொல்லுவேன். ஆளையே திருடுற ஊர்ல ஒரு கழுதையா பெருசு?"

சிரித்தான். நல்ல பல். போய்விட்டான். இதுவரை நாய்ச் சத்தம் கேட்கவில்லை.

கார்மோனா வந்து விசாரித்தான். திருட்டு என்றேன். நம்பவில்லை, ஆனால் துரைசானிக்கு மறுபடி மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது, பிள்ளை எடுக்க என் கை வேண்டும், அதனால் விட்டுவிட்டான். அந்தப் பிரசவத்துக்கப்புறம் என்ன செய்வார்கள் என்று தெரியாது. இனியும் உன் தபாலைப் புருடென்சியோ கையில் மட்டும் கொடு.

இப்போது எல்லா இடத்துக்கும் நடந்துதான் போகிறேன். நேற்று ஆலைக்கும் நடந்தே போனேன். சால்வை இல்லை, விற்றுவிட்டேன். காசில்டா சக்கைக் களத்தில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற பிறகு மாற்றியிருக்கிறார்கள், கேட்டபோது தராத இடத்துக்கு. என் காலில் புழுதியைப் பார்த்தாள். பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் அவளாகப் பேசினாள்.

"கழுதை எங்க?"

"போயிடுச்சு."

"தெக்கேவா?"

"தெக்கே."

சக்கையை ஒரு முறை புரட்டிப் போட்டாள். நான் நகரவில்லை. வெயில் சுட்டது. குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்பியது.

"இப்பவாவது குடுத்தீங்களேன்னு நான் சொல்லணும்னு நிக்கிறீங்களா, சித்தி?" என்றாள்.

ஆமாம் அக்கா. அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கெர்வாசியா